தங்கப் பல் முதல் சிர்கோனியா வரை: 'கேப்' போட்ட பல்லின் கதை



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். "கல்லூரி நினைவுகள் நிறைய வந்துடுச்சு டாக்டர். நீங்க உங்க தொழிலைப் பத்தி எழுதுங்க, ஆனா பாடம் நடத்தக் கூடாது" என்றார்கள். நியாயமான நிபந்தனைதான். 1976-ல் நம் கல்லூரியில் பி.யூ.சி. முடித்து, சென்னைக்குப் பல் மருத்துவம் படிக்கப் போய், திரும்பி வந்து கலசப்பாக்கத்தில் உட்கார்ந்தவன் நான். போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர். ரதசப்தமி அன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் என்று சொன்னால் நம் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

எங்கள் செட்டில் இன்று முக்கால்வாசிப் பேர் வாயில் ஒரு கேப்பாவது இருக்கும். எனக்கே இரண்டு இருக்கிறது. ஆகவே இந்தக் கேப் எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. பழைய மாணவர்களுக்கு உடனே பயன்படும். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குப் பிற்பாடு பயன்படும்.

பெயரில் ஒரு குழப்பம்

ஆங்கிலத்தில் இதற்கு 'கிரவுன்' என்று பெயர். கிரீடம்! நம் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'கேப்', 'மூடி', 'உறை' என்பார்கள். ஒரு பாட்டி என்னிடம் வந்து, "பல்லுக்குச் சட்டை போடணும்" என்றார். எனக்கு அந்தப் பெயர்தான் எல்லாவற்றையும் விடப் பொருத்தமாகப் பட்டது. கிரீடம் என்றால் ஆடம்பரம் போலத் தெரிகிறது. சட்டை என்றால் உள்ளே ஓர் உடம்பு இருக்கிறது என்பது மறக்காது.

விஷயம் இவ்வளவுதான். சொத்தையாலோ, உடைந்ததாலோ, வேர் சிகிச்சை செய்ததாலோ ஒரு பல் பலவீனமாகி, அடைத்தால் மட்டும் நிற்காது என்ற நிலை வருகிறது. அப்போது அதைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை சீவி, அளவெடுத்து, பல் வடிவத்திலேயே ஓர் உறை செய்து, சிமென்ட் வைத்து மாட்டுகிறோம். கடிக்கும் பாரத்தை உறை வாங்கிக்கொள்ளும். ஆனால் வேரும், ஈறும், உறைக்குள் மிச்சமிருக்கும் பல்லும் அவரவருடைய சொந்தச் சரக்கு.

புதைகுழியில் தங்கம்

பல்லில் தங்கம் வைக்கும் பழக்கம் மிகப் பழமையானது. இன்றைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் என்ற மக்களின் கல்லறைகளில், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய மண்டை ஓடுகளில், பற்களைச் சேர்த்துக் கட்டிய தங்கப் பட்டைகள் கிடைத்திருக்கின்றன. அடுத்து வந்த ரோமானியர்கள் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த 'பன்னிரு பலகைச் சட்ட'த்தில் ஒரு சுவையான விதி உண்டு. பிணத்தோடு தங்கத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது; ஆனால் பல்லைக் கட்டிய தங்கத்தை மட்டும் பிடுங்க வேண்டியதில்லை என்பது அந்த விதி. பல் வைத்தியருக்குக் கொடுத்த காசு செத்த பிறகும் திரும்பாது என்பதை அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்!

அவை கேப் அல்ல, வெறும் பட்டைகள். உடைந்த பல்லின் வேரைப் பயன்படுத்தி மேலே ஒரு பல்லை நிறுத்தும் முறையை விரிவாக எழுதியவர் பிரான்சு நாட்டு பியேர் ஃபோஷார். 1728-ல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் நவீனப் பல் மருத்துவத்தின் கணக்கே தொடங்குகிறது. 1746-ல் அதே நாட்டு க்ளோத் மூத்தோன், வேருக்குள் ஊன்றும் தண்டோடு கூடிய தங்க உறையைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் வேர் சிகிச்சை முடிந்த பல்லில் 'போஸ்ட்' வைத்துக் கேப் போடுகிறோமே, அதற்குக் கொள்ளுத் தாத்தா அதுதான்.

நம் நாட்டில் சுசுருத சம்ஹிதையே வாய் நோய்களுக்குத் தனி இடம் கொடுத்துப் பேசுகிறது. பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் கருவி அதில் இருக்கிறது. நம் பெரியவர்கள் ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பல்லைக் காப்பாற்றுவதில் நாம் முந்தி இருந்தோம், உடைந்த பல்லை எடுத்துக்கட்டும் வித்தை வெளியிலிருந்து வந்தது என்று சொல்லலாம்.

சுவாமிமலை வித்தை, அமெரிக்க வாயில்

பல் நிறத்திலேயே உறை செய்ய வழி கண்டவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து டாக்டர் சார்லஸ் லேண்ட். 1880-களின் கடைசியில் பீங்கான் உறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1927-ல் அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியாக விமானத்தில் கடந்து உலகப் புகழ் பெற்ற லிண்ட்பெர்க், இவருடைய மகள் வயிற்றுப் பேரன். லேண்டின் பீங்கான் பார்க்க அழகு. ஆனால் அழுத்திக் கடித்தால் விரிசல் விடும். முன் பல்லுக்குச் சரி, கடைவாய்க்குத் தாங்காது.

கடைவாய்க்குத் தங்கம்தான் கதி. ஆனால் அந்தக் காலத்துத் தங்க உறை என்பது மெல்லிய தகட்டைத் தட்டித் தட்டிப் பல் மேல் கவிழ்த்ததுதான். அளவு சுமார். ஓரம் பல்லோடு ஒட்டாமல் நிற்கும். இதை மாற்றியவர் இல்லினாய் மாநிலத்து டாக்டர் வில்லியம் டாகர்ட். 1907-ல் நியூயார்க்கில் பல் மருத்துவர்கள் கூட்டத்தில் தன் வார்ப்புக் கருவியைக் காட்டினார். மெழுகில் முதலில் வடிவம் செய்வது, அதைச் சுற்றிச் சாந்து பூசி இறுகவிடுவது, சூடாக்கினால் மெழுகு உருகிப் போய்விடும், அந்த வெற்றிடத்தில் உருகிய தங்கத்தைச் செலுத்துவது. இதுதான் முறை.

இதைப் படித்தவுடன் நம்மவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். சோழர் காலத்து நடராஜர் சிலைகள் உருவானது இதே மெழுகு வார்ப்பு முறையில்தான். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அப்படித்தான் வார்க்கிறார்கள். முதல் வருடம் பல் லேபில் மெழுகு செதுக்கக் கற்றபோது, "இதைத்தானேடா நம்ம ஸ்தபதி செய்யறாரு!" என்று பக்கத்தில் இருந்த தஞ்சாவூர்ப் பையன் சொன்னான். சிலையில் முடியளவு பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. பல்லில் முடியளவு பிசகினால் அங்கே கிருமி குடியேறும். வித்தியாசம் அவ்வளவுதான்.

தங்கத்துக்கு அடியில் சீழ்

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்த ஆண்டு 1910. அந்த ஆண்டு இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹன்டர், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசினார். மேலே தங்கம் ஜொலிக்கிறது, அடியில் சீழ் பிடித்த வேர் அப்படியே கிடக்கிறது, இதை வைத்தியம் என்று சொல்லலாமா என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அவர் சொன்னது பொய்யில்லை. எக்ஸ்ரே வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பெரும்பாலான வேர்களை யாரும் சுத்தம் செய்யவில்லை. அழுகலை மூடி, மேலே பொன் பூசி அனுப்பினார்கள்.

ஆனால் அதன் விளைவு விபரீதமாகப் போயிற்று. மூட்டுவலியிலிருந்து மனநோய் வரை எல்லாவற்றுக்கும் பல்தான் காரணம் என்ற கொள்கை பரவி, அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் மேலை நாடுகளில் காப்பாற்றக்கூடிய பற்களையும் கூடை கூடையாகப் பிடுங்கினார்கள். பிறகுதான் நிதானம் திரும்பியது. வேரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கிருமி போகச் சுத்தம் செய்து, அடைத்து, அதற்கு மேல் கேப் போட்டால் பல் நிற்கும் என்று நிரூபணமாயிற்று.

இந்த வரலாற்றில் இருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. உறை எவ்வளவு உசத்தி என்பது இரண்டாவது கேள்வி. அதற்குள் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

நம் நாட்டில்

1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். இங்கே அன்று பல் வைத்தியம் என்றால் சந்தையிலும் திருவிழாவிலும் குறடோடு உட்கார்ந்திருப்பவர்தான். சென்னையில் சீனப் பல் வைத்தியர்களும் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் சீனாவின் ஹூபே மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் அவை. அப்பா பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துத் தொழில் செய்தார்கள். வாசலில் பெரிய பல்செட் படம் வரைந்த பலகை தொங்கும். பெரியவர்கள் பலருக்குத் தங்கப் பல்லும் பல்செட்டும் கட்டியது இப்படிப்பட்ட கைகள்தான்.

1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பட்டம் இல்லாமல் தொழில் செய்துகொண்டிருந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. பட்டம் பெற்றவர்கள் 'ஏ' பகுதி. பட்டமில்லாமல், ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் 'பி' பகுதி. அனுபவத்துக்கும் மதிப்புக் கொடுத்து, இனிமேல் படித்துவிட்டு வாருங்கள் என்று வாசலையும் அடைத்த ஏற்பாடு. 2023-ல் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேற்றியது.

தமிழ்நாட்டில் 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு ஆரம்பித்தது. பின்னாளில் அதுவே தனிக் கல்லூரியாயிற்று. 1980-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி; 2023-ல் புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. இடையில் தனியார் கல்லூரிகள் ஏராளம். நான் படிக்கப் போனபோது எங்கள் தாலுகாவில் 'பல் டாக்டருக்குப் படிக்கிறேன்' என்று சொன்னால், "முழு டாக்டர் சீட்டு கிடைக்கலையா?" என்று ஆறுதல் சொன்னார்கள்!

கலசப்பாக்கத்தில்

1871-ல் அமெரிக்காவில் மாரிசன் என்பவர் காலால் மிதித்து ஓட்டும் பல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தையல் மெஷின் மாதிரி மிதிபலகை இருக்கும். 1957-ல் காற்றில் சுழலும் ஏரோட்டர் வந்து, நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று என்ற வேகம் கிடைத்தது. நான் ஊரில் தொழில் தொடங்கியபோது ஏரோட்டர் இருந்தது, கரண்ட் இருக்காது. கேப் போட வருகிறவர் காலையில் கிளம்பும் முன், "கரண்ட் இருக்குதா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். அளவெடுத்த மாவுக்கட்டு அச்சைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, பஸ்ஸில் வேலூருக்குக் கொடுத்தனுப்புவேன். பத்துப் பன்னிரண்டு நாளில் கேப் அதே பஸ்ஸில் திரும்பி வரும்.

எங்கள் பக்கம் ஆரணிப் பட்டு நெசவு. குழித்தறியில் உட்கார்ந்து, இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பது பலருக்குப் பழக்கம். இருபது, முப்பது வருடம் இப்படிக் கடித்தால் முன் பல்லின் நுனியில் சின்னப் பள்ளம் விழும். தையல்காரர்களுக்கும் இதே கதிதான். அந்தப் பள்ளத்திலிருந்து விரிசல் ஓடி ஒரு நாள் பல் உடையும்.

அப்படி ஒரு நெசவாளி அம்மா வந்தார். முன் பல் பாதி இல்லை, வேர் கெட்டியாக இருந்தது. வேர் சிகிச்சை செய்து கேப் போடலாம், நாலு தடவை வரணும் என்றேன். "நாலு நாள் தறி நின்னா யார் சார் கூலி தருவாங்க? புடுங்கிடுங்க" என்றார். அவர் பேச்சில் தப்பே இல்லை. சேலைக்குத்தான் கூலி, நாளுக்கு இல்லை. பல்லின் விலையை அவர் ரூபாயில் கணக்குப் போடவில்லை, தறி நிற்கும் நாளில் போட்டார். பிடுங்கினால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் நீளும், பிறகு பாலம் கட்ட இரண்டு நல்ல பல்லைச் சீவணும் என்று விளக்கினேன். கடைசியில், பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கும் இடைவெளியில் அவர் வருவது என்று உடன்பாடு. அந்தக் கேப் போட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. இன்னும் நிற்கிறது. இப்போது நூலைக் கத்தரியால்தான் வெட்டுகிறார்.

இன்னொருவர் வியாபாரி. வசதிக்காரர். பெரிய ஊரில் விலை உயர்ந்த கேப் போட்டு வந்தார். ஆறாவது வருடம் அந்தப் பக்கம் வாய் நாற்றம், வலி. எடுத்துப் பார்த்தால் கேப் புதுசு போல மின்னுகிறது. உள்ளே பல் கரைந்து மாவாகிக் கிடக்கிறது. "இன்னா சார் இது, அதான் கேப் போட்டுட்டமே, அப்புறம் எப்படி சொத்தை வரும்?" என்று சட்டைப்பையிலிருந்து வாரன்டி கார்டை எடுத்து நீட்டினார். பதினைந்து வருட வாரன்டி. வாரன்டி கேப்புக்கு உண்டு, பல்லுக்குக் கிடையாது. அவர் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று.

பட்டுச் சேலை தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்வேன். கோர்வை போட்ட சேலையில் உடலும் கரையும் சேரும் இடம்தான் முதலில் விடும். பல்லில் உறையும் பல்லும் சேரும் ஓரமும் அப்படியே. ஈறை ஒட்டியுள்ள அந்த ஒரு கோடுதான் கேப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இன்றைய கேப்

1962-ல் அமெரிக்காவில், உலோகத்தின் மேல் பீங்கானை உருக்கி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. உள்ளே உலோக பலம், வெளியே பல் நிறம். நாம் 'செராமிக் கேப்' என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். நம் நாட்டில் விலை குறைய, தங்கத்துக்குப் பதில் நிக்கல்-குரோமியம் கலவை வந்தது. கவரிங் நகை போட்டால் அரிப்பு வருகிறவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். சில வருடம் கழித்து ஈறு இறங்கினால், ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிவதும் இந்த வகையில்தான்.

1985-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், கம்ப்யூட்டர் மூலம் அளவெடுத்துப் பீங்கானைக் கடைந்து, அதே நாளில் பல்லில் பொருத்திக் காட்டினார்கள். இன்று சிர்கோனியா கேப் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மிக உறுதி, நிறமும் நன்று. விரிசல் விட்ட லேண்டின் பீங்கானுக்கு நூறு வருடம் கழித்துப் பதில் கிடைத்துவிட்டது. ஹன்டர் எழுப்பிய கேள்விக்கு மட்டும் எந்தப் பொருளும் பதிலாகாது. அது டாக்டர் கையிலும் உங்கள் பிரஷ்ஷிலும் இருக்கிறது.

போட்ட பிறகு

பாடம் நடத்தமாட்டேன் என்று ஒப்புக்கொண்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தற்காலிக கேப் இருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் ஜவ்வு மிட்டாய், கடலை மிட்டாய் வேண்டாம். நிரந்தர கேப் போட்ட அன்று மரத்த உணர்வு போகும் வரை மெல்ல வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். மறுநாளும் கடிக்கும்போது அது உயரமாகத் தட்டினால், 'பழகிடும்' என்று விடாமல் உடனே போய்ச் சரி செய்யுங்கள். உயரமான கேப் வேரை நோகடிக்கும்.

காலை ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை ஃப்ளோரைடு பேஸ்ட்டால், மென்மையான பிரஷ்ஷால், ஈறோர ஓரத்தில் துலக்குங்கள். உமிக்கரி, செங்கல் பொடி கூடாது; பக்கத்துப் பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். கேப்புக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே நூலோ, இடுக்குப் பிரஷ்ஷோ தினம் ஒரு முறை போகவேண்டும். குச்சியால் குத்த வேண்டாம். சோடா மூடி திறப்பது, ஐஸ் கடிப்பது, எலும்பு உடைப்பது எல்லாம் கேப்பின் வேலை அல்ல. தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் இரவு உறை கேட்டு வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஈறைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

கேப் கழன்று விழுந்தால் பதறாதீர்கள். கழுவி ஒரு டப்பாவில் போட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்து வாருங்கள். பெரும்பாலும் திரும்ப ஒட்டிவிடலாம். கடைப் பசை போட்டு நீங்களே ஒட்டாதீர்கள்! வேர் சிகிச்சை செய்த பல்லில் வலி தெரியாது. அதனால் வலி வரும்வரை காத்திருக்காமல் வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டி, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுங்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருடம் சாதாரணமாக ஓடும். அதற்கு மேலும் ஓடுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கல்யாணப் போட்டோவுக்காக, சினிமா நடிகர் மாதிரி வரிசைக்காக, ஆரோக்கியமான பல்லைச் சீவி வரிசையாகக் கேப் போட்டுக்கொள்ளும் மோகம் வந்திருக்கிறது. சீவிய எனாமல் திரும்ப முளைக்காது. கம்பி போட்டு நேராக்கும் பல்லை உறை போட்டு மறைக்காதீர்கள்.

யார் கேப் போடச் சொன்னாலும் இந்த மூன்றைக் கேளுங்கள்: இந்தப் பல்லுக்குக் கேப் தேவைதானா? வேர் சுத்தமாக இருக்கிறதா, எக்ஸ்ரேயில் காட்டுகிறீர்களா? ஓரத்தை நான் எப்படிச் சுத்தம் செய்யவேண்டும்? இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் வாயைத் திறங்கள். விலைப் பட்டியலை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நண்பர்கள் அனைவரும் சொந்தப் பல்லோடு, அது முடியாவிட்டால் சொந்த வேரோடு, நீடூழி வாழ வாழ்த்துகிறேன். வளர்க நம் கல்லூரி!